பச்சை இலை படம் போட்டா ஆர்கானிக் ஆயிடுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல ஆர்கானிக், ஃபேர் ட்ரேட் (விவசாயிக்கு நியாய விலை) முத்திரை பாத்து வாங்குங்க, இல்லாததை நம்பாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. நான் ரங்கூன்ல சின்னதா காப்பி வறுத்து விக்கிறவன், 5 கிலோ மெஷின் ஒண்ணு, நானும் மச்சானும்தான் ஆளு. எங்க பாக்கெட்டுல அந்த ரெண்டு முத்திரையும் கிடையாது, ஏன்னு சொல்லணும்னுதான் எழுதுறேன்.

நாங்க கொட்டை எடுக்கிறது ஷான் ஸ்டேட் யுவாங்கன் பக்கம். அங்க தனு மக்கள் வீட்டைச் சுத்தி நிழல் மரத்துக்கு அடியில அரபிக்கா வளக்கிறாங்க, டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பழம் பறிச்சு பரண் மேல காயப் போடுவாங்க. நாங்க வாங்குற வீடுகள்ல காப்பிக்கு மருந்து அடிக்கிறதே இல்ல. முதல் வருஷம் அதைப் பாத்துட்டு இதுக்கு மேல என்ன ஆர்கானிக் வேணும்னு நானே நினைச்சேன். அடுத்த தடவை போனப்ப ஒரு வீட்டுல பறிச்ச பழத்தை யூரியா சாக்குல கொட்டி வச்சிருந்தாங்க, கேட்டா உரம் காப்பிக்கு இல்ல, பக்கத்துல போட்டிருக்கிற மக்காச்சோளத்துக்கு, சாக்கு நல்லா இருக்கேன்னு கழுவி வச்சோம்னு சொன்னாங்க, அவங்க மேல தப்பே சொல்ல முடியாது. ஆனா சர்டிபிகேட்டுக்கு செக் பண்ண வர்றவர் பாக்குறதே இதைத்தான், சோளத்துக்கு அடிக்கிற மருந்து காத்துல காப்பிக்கு வருதா, நடுவுல எவ்வளவு இடம் விட்டிருக்கு, எந்த வீட்டுப் பழம் எந்த சாக்குல போச்சுன்னு நோட்டுல எழுதியிருக்கா, இப்படி. மருந்து அடிக்காததும் ஆர்கானிக்கும் ஒண்ணு இல்லன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

அதுவும் இன்னைக்கு அப்ளை பண்ணா நாளைக்கு வந்துடாது, காப்பி மாதிரி செடிக்கு 3 வருஷம் சுத்தமா வச்சிருந்து காட்டணும், அந்த 3 வருஷமும் வேலை எல்லாம் ஆர்கானிக் வேலை, விலை மட்டும் சாதா விலை. ஒரு வீட்டுக்காரர் தனியா செலவு தாங்க மாட்டார், ஊரா சேர்ந்து குரூப் சர்டிபிகேட் எடுத்தாத்தான் உண்டு. அப்புறம் தோட்டத்துல இருந்து பாக்கெட் வரைக்கும் கை மாறுற ஒவ்வொரு இடத்துலயும் சர்டிபிகேட் வேணும், அதுல நானும் ஒருத்தன், வேற கொட்டை வறுத்த மெஷினை சுத்தம் பண்ணாம இதை போடக் கூடாது, தனி மூட்டை, தனி கணக்கு.

ஃபேர் ட்ரேட்ல ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியல. 2023 ஆகஸ்டுல, தோல் உரிச்சு கழுவிக் காய வச்ச அரபிக்காவுக்கு பவுண்டுக்கு குறைஞ்ச விலை 1.80 டாலர், ஆர்கானிக்னா மேல 0.40, விவசாயிங்க சங்கத்துக்கு தனியா 0.20னு வச்சாங்க. கூட்டினா 2.40, நம்ம பர்மா வீசைக்கு (3.6 பவுண்டு) 8 டாலர் 64 சென்ட் வருது. ஆனா அது கப்பல் ஏத்துற இடத்து விலை, சங்கத்து செலவு போகத்தான் வீட்டுக்கு வரும். 2001ல உலக மார்க்கெட் 50 சென்டுக்கும் கீழ விழுந்தப்ப இந்த மாதிரி அடிவிலை இருந்தவங்க பிழைச்சாங்க, 2025 ஆரம்பத்துல மார்க்கெட்டே 4 டாலரை தாண்டினப்ப அடிவிலைக்கு வேலையே இல்ல. அதனால அது வேஸ்ட்னு நான் சொல்லல, விலை மறுபடி விழும், அப்ப வேணும்.

எனக்கு கோபம் எங்கன்னா, பாக்கெட் அடிக்கப் போன இடத்துல பச்சை இலை படமும் ஆர்கானிக்னு எழுத்தும் ரெடியா வச்சிருக்காங்க, எல்லாரும் போடுறாங்க நீங்களும் போடுங்கன்னு சொல்றாங்க. மாட்டேன்னுட்டேன். அந்த ஊர்ல 3 வருஷம் கஷ்டப்பட்டு வாங்கப் போற பேரை நான் ஓசியில எப்படி எடுக்கிறது?

இப்ப நாங்க பாக்கெட்டுக்குப் பின்னாடி ஊர் பேரு, பறிச்ச மாசம், வீசை பழத்துக்கு எத்தனை சாட் (பர்மா காசு) கொடுத்தோம் மூணும் அடிக்கிறோம். பழத்து விலைன்னு தெளிவா போடுறோம், ஏன்னா ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு 5, 6 கிலோ பழம் வேணும், வறுத்தா அதுலயும் 15 சதவீதம் போல எடை போயிடும், கொட்டை விலையைக் காட்டி பழத்துக்கே அவ்வளவு கொடுத்த மாதிரி பேசலாம். இதுவும் என் வாய்ச் சொல்லுதான், வெளியாள் யாரும் வந்து செக் பண்ணல, அந்தக் குறை இருக்கு.

அதுக்காகத்தான் கேக்குறேன், ரங்கூன்ல காப்பி வறுக்கிற நம்ம ஆளுங்க யாராவது இதைப் படிச்சா அந்த ஊர் ஆர்கானிக் சர்டிபிகேட் எடுக்க எங்களோட சேருங்க. அந்த ஊர் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, 3 வருஷத்துக்கு விடாம காப்பியை எடுத்துக்கிறோம்னு ஒரு வாக்கு. எங்க பங்குக்கு சொல்லிட்டோம். இன்னும் ரெண்டு பேர் வந்தா டிசம்பர் பறிப்புக்கு முன்னாடியே வீட்டுக்கு வீடு புது சாக்கும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுத்து ஆரம்பிச்சிடலாம்.

இப்படிக்கு,
காப்பி வறுக்கும் வாசகர், ரங்கூன்