மார்கோ ஃபான்டெய்னின் பிற்காலம்: திரை எதைக் காட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடனக் கலைஞர்களின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவருவது குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். பிரிட்டிஷ் பாலே கலைஞர் மார்கோ ஃபான்டெய்னின் பிற்காலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்ட கட்டுரையாளர், நாற்பதைக் கடந்திருந்த அவருக்கும் இருபதுகளில் இருந்த சோவியத் பாலே கலைஞர் ருடால்ஃப் நூரயெவுக்கும் இடையிலான உறவே அக்கதையின் உயிர் என்றும், அதை எடுத்துவிட்டால் திரையில் காட்ட ஒன்றும் மிஞ்சாது என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு நேர்மாறான கருத்து உடையவன் நான். அந்த உறவை நடுவில் வைத்ததனாலேயே இத்தகைய படைப்புகள் தங்கள் கையில் இருந்த நல்ல கதையைக் கோட்டைவிடுகின்றன என்பது என் எண்ணம்.

ஃபான்டெய்ன் 1919-இல் பிறந்தவர். நூரயெவ் 1961 ஜூனில் பாரிஸின் லெ பூர்ஜே விமான நிலையத்தில் சோவியத் குழுவைவிட்டுப் பிரிந்து மேற்கில் தஞ்சம் புகுந்தபோது ஃபான்டெய்னுக்கு வயது 42. அந்த வயதில் ஒரு பாலே கலைஞர் மேடையைவிட்டு இறங்குவதுதான் வழக்கம். அவரும் இறங்கிவிடுவார் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். 23 வயது இளைஞருடன் ஆடும் வாய்ப்பை ராயல் பாலே குழுவின் இயக்குநர் நினெட் டி வல்வா முன்வைத்தபோது, அவன் அருகில் நின்றால் தன் வயது துலங்கித் தெரியுமே என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. 1962 பிப்ரவரி 21 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் இருவரும் ‘ஜிசெல்’ பாலேவை ஆடினார்கள். அதற்குப் பிறகு ஃபான்டெய்ன் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிக்கொண்டிருந்தார் என்பதே நாம் வியக்க வேண்டிய செய்தி. ஆனால் திரைக்கதை எழுதுபவர்கள் அந்தப் பதினைந்து ஆண்டுகளையும் ஒரே கேள்விக்குள் அடைத்துவிடுகிறார்கள்: இருவரும் காதலர்களா, இல்லையா?

அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. ஃபான்டெய்ன் 1991-லும் நூரயெவ் 1993-லும் இறந்துவிட்டார்கள். அவர்களை நெருங்கி அறிந்தவர்களே இருவேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். விடை கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதனால் 45 வயதுக்காரர் ஒருவர் ஒற்றைக் காலின் நுனியில் எப்படி நின்றார் என்பது நமக்கு விளங்கிவிடுமா?

அவர்கள் இருவருக்கும் இடையில் என்னதான் நடந்தது என்பதற்கு ஃபான்டெய்னே 1975-இல் வெளியான தம் தன்வரலாற்றில் ஒரு சான்று தந்திருக்கிறார். ‘ஸ்வான் லேக்’ பாலேவின் மூன்றாம் அங்கத்தில், ஒரு காலின் நுனியில் நின்றுகொண்டு, மற்றொரு காலைச் சாட்டைபோல் வெளியே வீசி உள்ளே இழுத்து, அந்த விசையில் உடலை 32 முறை சுழற்றவேண்டிய ஓர் இடம் உண்டு. ஃபூயெத்தே என்று அதற்குப் பெயர். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் அந்தப் பகுதியில் ஊன்றிய கால் இடம் பெயராமல் இருக்கிறதா என்று அரங்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபான்டெய்னுக்கு அது எளிதாக வந்ததில்லை. வயது ஏறியபின் இன்னும் கடினமாகியிருந்தது. ஒத்திகையில் அவர் தடுமாறியபோது, நீங்கள் இதை எந்த முறையில் செய்கிறீர்கள் என்று நூரயெவ் கேட்டிருக்கிறார். இருபது ஆண்டுகளாக ஆடிவந்த ஒன்றை எப்படிச் செய்கிறோம் என்று ஃபான்டெய்னுக்குச் சொல்லத் தெரியவில்லை. செய்து காட்டியிருக்கிறார். இடது கை அளவுக்குமேல் பின்னால் போகிறது என்றிருக்கிறார் நூரயெவ். அந்த ஒரு திருத்தத்தில் பழைய சுழற்சி தமக்குத் திரும்பிவிட்டதாக ஃபான்டெய்ன் எழுதுகிறார்.

ஒரு நாடகாசிரியருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நாட்டின் தலைசிறந்த பாலே கலைஞர் என்று கொண்டாடப்படும் ஒருவர், தம்மைவிட 19 வயது இளையவரிடம் மாணவியாக நின்று ஒரு குறையை ஒப்புக்கொள்கிறார். இளையவருக்கோ உபசார வார்த்தை சொல்லத் தெரியவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறார். மூத்தவரின் பெருந்தன்மை, இளையவரின் கூர்மை, உடல் கைவிடத் தொடங்கிய பின்னும் அறிவால் அதை மீட்க முடியும் என்ற நம்பிக்கை ஆகிய அத்தனையும் ஓர் ஒத்திகைக் கூடத்தில், ஒரு இடது கையில் அடங்கியிருக்கின்றன. அந்த இரண்டு நிமிடங்களை விட்டுவிட்டு, மூடிய ஓட்டல் அறைக் கதவுக்கு வெளியே கேமராவை நிறுத்தி வைப்பதில் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது பணம். ஃபான்டெய்ன் 1955-இல் மணந்துகொண்ட பனாமா நாட்டு அரசியல்வாதி ராபர்ட்டோ அரியாஸ் 1964 ஜூனில் சுடப்பட்டு, கைகால் அசைக்க முடியாதவராகி, பிறர் காதில் சரியாக விழாத குரலில் பேசும் நிலைக்கு ஆளானார். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் நெடுநாள் சிகிச்சை நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் ஃபான்டெய்னும் நூரயெவும் ‘ஸ்வான் லேக்’ ஆடி முடித்தபோது திரை 89 முறை உயர்ந்து அவர்களை வணங்க வைத்தது. இன்றும் சாதனைப் பட்டியலில் மேற்கோள் காட்டப்படும் எண் அது. இந்த இரண்டுக்கும் இடையில் நான்கே மாதங்கள். கணவரின் மருத்துவச் செலவும் செவிலியர் செலவும் அவர் ஆட்டத்திலிருந்தே வந்தாக வேண்டியிருந்தன. ஆட வேண்டும் என்ற ஆசையும் ஆடியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த அந்த ஆண்டுகளில், எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது ஐயம். 1990-இல், புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவருக்கு நிதி திரட்டக் கோவென்ட் கார்டனில் ஒரு சிறப்பு நிகழ்ச்சியே நடத்தவேண்டியிருந்தது. நூரயெவ் அதில் ‘ரோமியோ ஜூலியட்’ பாலேவில் ரோமியோவின் நண்பன் மெர்க்யூஷியோ வேடத்தில் ஆடினார். நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த கலைஞரின் முதுமைக்கு எந்த ஏற்பாடும் இருக்கவில்லை என்ற இந்தச் செய்தி, காதல் கதைக்குள் நுழைய இடமில்லாமல் வெளியே நிற்கிறது. 1959-இல் பனாமாவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடர்பாக அவர் ஓர் இரவு சிறையில் வைக்கப்பட்டதைக் காட்டுவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கும்.

கட்டுரையாளர் ஃபான்டெய்னைக் குறையே இல்லாத தியாகியாகவும் வரைந்திருக்கிறார். அதுவும் கதையைப் பலவீனமாக்குவதே. நடன அமைப்பாளர் கென்னத் மெக்மில்லன் ‘ரோமியோ ஜூலியட்’ பாலேவை லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் என்ற இளம் இணையின் உடல்களை மனத்தில் வைத்தே உருவாக்கினார். ஆனால் 1965 பிப்ரவரி 9 அன்று அரங்கேற்றத்தில் ஆடியவர்கள் ஃபான்டெய்னும் நூரயெவும். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் வசூலுக்கு அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன. 45 வயதுக்காரர் மேடையில் நிலைத்து நின்றதன் விலையை 25 வயதுக்காரர் ஒருவர் கொடுத்தார். சீமோர் பின்னாளில் அந்த வேடத்தைப் பலமுறை ஆடினார் என்றாலும், தம்மீது அளவெடுத்து அமைக்கப்பட்ட அசைவுகளை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்த அந்த வாரங்கள் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? முதுமையைப் பற்றிய நேர்மையான படம் இந்த இளம் பெண்ணுக்கும் ஒரு நாற்காலி போட்டாக வேண்டும். பார்வையாளர் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தால் அது படத்துக்கு நல்லதே.

இனி, யார் ஆடுவது என்ற கேள்விக்கு வருகிறேன். கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது, எனக்கோ இதுவே முதன்மையானதாகப் படுகிறது. 2009-இல் பிபிசி ஃபான்டெய்னின் இந்தப் பிற்காலத்தைத் தொலைக்காட்சி நாடகமாக ஒளிபரப்பியபோது அவராக நடித்தவர் ஆன்-மேரி டஃப். மிகத் தேர்ந்த நடிகை. ஆனால் தொழில்முறை பாலே கலைஞர் அல்லர். இத்தகைய படைப்புகளில் கேமரா என்ன செய்யும் என்பது நாம் அறிந்ததே. முகம் ஒருவருடையது, பாதம் வேறொருவருடையது. இடையில் ஒரு வெட்டு. இளம் நாயகியின் கதையில் அந்த வெட்டு பொறுத்துக்கொள்ளக்கூடியது. வயதாகும் கலைஞரின் கதையில் பொறுக்க முடியாதது. ஏனென்றால் வயது ஓர் உடல் முழுவதும் ஓடும் செய்தி. தாவலின் உயரம் ஒரு விரற்கடை குறைகிறது. அதை ஈடுகட்டக் கை ஒரு கணம் தாமதித்து விரிகிறது. முகம் அந்தத் தாமதத்தை இசையின் நீட்சிபோல் தோன்றச் செய்கிறது. காலையும் முகத்தையும் தனித்தனியாக வெட்டிக் காட்டினால் இந்தத் தந்திரம் முழுவதும் காணாமல் போய்விடுகிறது. பிறகு முதுமையைக் காட்ட வேறு வழியில்லாமல் இயக்குநர் கண்ணாடியைத் தேடிப் போகிறார். (கண்ணாடி முன் நின்று கழுத்துச் சுருக்கத்தைத் தடவிப் பார்க்கும் காட்சி இல்லாமல் இப்படி ஒரு படம் எடுக்கக்கூடாது என்று எங்காவது சட்டம் இருக்கிறதோ என்னவோ.)

அசல் சான்று நம்மிடம் இல்லாமல் இல்லை. ‘ரோமியோ ஜூலியட்’ 1966-இல் திரைப்படமாகப் பதிவாகியிருக்கிறது. பதினான்கு வயதுகூட நிரம்பாத ஜூலியட்டாக, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த ஃபான்டெய்னை அதில் முழு உருவில் காணலாம். அண்மைக் காட்சிகளில் வயது தெரிகிறது. ரோமியோவை நோக்கி ஓடும்போது தெரிவதில்லை. கால்களின் வலுவைப் பொறுத்தவரை அவர் இளமையிலேயே குறை சொல்லப்பட்டவர். கழுத்து, தோள், இசையைக் கேட்டு அதற்குள் நுழையும் நேரம் ஆகியவற்றால் பெயர் பெற்றவர். வயதாக ஆக, இழக்க அதிகம் இல்லாததை இழந்து, இருந்ததைப் பெருக்கிக்கொண்டார் என்று சொல்லலாம். நடன அமைப்பாளர் ஃப்ரெடெரிக் ஆஷ்டன் 1963-இல் அவருக்கென்றே அமைத்த ‘மார்கெரித்தும் அர்மோனும்’ பாலே, நோயில் கிடந்து கடந்ததை நினைக்கும் பெண்ணின் கதையாக அமைந்தது தற்செயல் அன்று. அந்த வயதின் உடல் எதைச் செய்ய வல்லதோ அதைக் கொண்டே ஆஷ்டன் அந்த பாலேவைக் கட்டினார். 2000 வரை அதை வேறு இணை ஆடவில்லை.

வயதான கலைஞர்கள் எல்லோரும் ஒரே வழியில் வயதாவதும் இல்லை. பாரிஸ் ஓபரா தன் பாலே கலைஞர்களை 42 வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறது. மாஸ்கோவின் மாயா பிளிசெத்ஸ்கயா அறுபதைக் கடந்தும் ஆடினார். கியூபாவின் அலிசியா அலோன்சோ, இளமையிலேயே பார்வை பெரும்பாலும் போய்விட்ட நிலையில், மேடை விளக்குகளின் நிறங்களைத் திசைக் குறியாக வைத்துக்கொண்டு எழுபதுகளிலும் மேடையேறினார். இந்த இருவரையும் ஃபான்டெய்னையும் ஒரே அழுகைக் கதைக்குள் அடக்க இயலாது.

ஆகவே, நாற்பதைத் தாண்டிய உண்மையான பாலே கலைஞர் ஒருவரையே இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். நடிப்பு போதாதே என்று கேட்கலாம். வசனத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். காலை வகுப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் முறை முழங்காலை மடக்கும்போது மூட்டு இணங்க மறுப்பதையும், கால் நுனியில் நிற்க உதவும் புதிய பாயின்ட் ஷூவின் அடியைக் கையால் வளைத்து, ஓசை குறைவதற்காக அதன் முனையைத் தரையில் அடித்து, நாடாவைத் தானே தைத்து, ஒரு மாலைக்குள் அது நைந்து போனதும் அடுத்த ஜோடியை எடுப்பதையும் அவர்கள் நடித்துக் காட்ட வேண்டியதில்லை, அன்றாடம் செய்வதுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 2010-இல் வெளிவந்த ஹாலிவுட் பாலே படம் ஒன்றில், நாயகிக்குப் பதிலாக ஆடிய கலைஞர், தம் பங்கு குறைத்துச் சொல்லப்படுவதாகப் பின்னர் வெளிப்படையாகவே முறையிட்டார். இத்தகைய படங்களுக்குத் தங்கள் நாளிதழில் விமர்சனம் எழுதுபவர்கள் நாயகியின் பெயருக்கு அருகிலேயே ஆடியவரின் பெயரையும் அவர் வயதையும் குறிப்பிட வேண்டும். எந்தெந்தக் காட்சியில் முழு உருவம் காட்டப்பட்டது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம். மேற்படி கட்டுரையில் நடிகர்கள் அத்தனை பேரின் பெயரும் இருந்தது, ஆடியவர் ஒருவரின் பெயர்கூட இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்