ஜீப் இறங்கும் நேரத்துக்கு ஒரு மனநல ஓபி வேண்டும்

எல்லை மாவட்டங்களில் மனநலத் திட்டத்தை நடத்தும் மருத்துவர்களுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி பக்கத்து ஊர்களில் விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. எல்லை தாண்டிக் கேரளத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போனவர்கள் வீடு திரும்ப அந்தியாகிவிடும். மனநல மருத்துவரோ பெரும்பாலும் வார நாளில், பகலில்தான் வருகிறார். அவரைப் பார்க்க ஒருநாள் கூலியை விட வேண்டும். மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு கூலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் ராத்திரி மெடிக்கலில் நின்று தூக்க மாத்திரை கேட்கிறார்கள். ஓபியை ஞாயிறு காலையிலோ, வார நாளில் மாலை ஆறு முதல் எட்டு வரையோ வையுங்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். தலை பாரம், நெஞ்சு படபடப்பு, கை கால் குடைச்சல், சாப்பாடு இறங்கவில்லை என்பார்கள். ஓர் ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில் கேட்பார்கள். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கிற ஆளாக இருந்தால் கடைசியாக எப்போது மருந்தடித்தார் என்றும் கேட்க வேண்டும். தலைவலி, வேர்வை, குமட்டல், பதற்றம் நான்கும் பூச்சிமருந்து உடம்பில் ஏறியதாலும் வரும். அதற்குப் பிறகு இரண்டே கேள்விகள்: இந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கிறதா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போகிறதா? பெரும்பாலான நாள் இப்படித்தான் என்றால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்துக்குப் போகலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக பிரஷர் மாத்திரை கொடுக்கப் போகும் சகோதரிகளே இந்த இரண்டையும் கேட்டுவிடலாம். மாமியாரையும் வீட்டுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் மட்டும் பதில் வராது.

காரணம் என்று பார்த்தால் கடன் முன்னால் நிற்கிறது. ஏலக்காய்ப் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரை ஓடும்; அதன்பின் மழை வரும்வரை வேலை நாள் குறைந்துவிடும். குழுக்கடன் தவணைக்கு அந்த இடைவெளி கிடையாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே அவமானம் வெளியாள் கையால் வருவதில்லை. நேற்றுவரை ஒரே ஜீப்பில் வந்தவள் வாயால் வருகிறது. மலைக்குப் போகிறவளுக்கு ஜீப்பில் பேசிச் சிரிப்பதுதான் இருக்கிற பெரிய ஆறுதல். கடன் முதலில் அந்தப் பேச்சைத்தான் அறுக்கிறது. சிறு குத்தகைக்காரர் பாடும் இலேசானதல்ல. 2019-இல் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போன காய், அடுத்த சில ஆண்டுகளில் 1,000-க்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பிக் குத்தகை பேசியவர் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் அந்தக் கடன் அப்படியேதான் இருக்கும்.

ஆகவே உங்கள் சமூகப் பணியாளர் கையில் சில விவரங்கள் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகும்படி குழுக்கடன் கொடுக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. கந்துவட்டிக்கு 2003-ஆம் ஆண்டின் தடைச்சட்டம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். மாத்திரைச் சீட்டோடு இந்த விவரமும் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேருக்கு அன்றைக்கே கொஞ்சம் மூச்சு வரும்.

குடியை நிறுத்தும் விஷயத்தில் ஓர் ஆபத்து வருஷா வருஷம் வருகிறது. தினமும் நிறையக் குடிப்பவர் கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டு ஒரேயடியாக விடுவார். அன்றைக்கே கை நடுங்கும், வேர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார்; ஆள் அடையாளம் தெரியாது. வீட்டில் சாமிகுத்தம் என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது உயிர் போகிற நிலை, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். அங்கேயும் ஒரு தவறு நடக்கும்: சோர்வைப் பார்த்து முதலில் குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ஐப்பசி கடைசி வாரத்திலேயே ஓபி நடத்தி, மாலை போடப் போகிறவர்களுக்கு மருந்து உதவியோடு குடியை விட வழி செய்யுங்கள். விரதத்தால் கிடைக்கிற மன உறுதி பெரிய பலம், அதை வீணாக்க வேண்டாம். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்னிச்சட்டி நேர்ந்துகொண்டவரையும் கேலியாகப் பார்க்காமல், நேர்த்தியோடு மாத்திரையும் தொடரட்டும் என்று சொல்லுங்கள்.

மாத்திரை ஏன் பாதியில் நிற்கிறது? மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று நிறுத்திவிடுவார்கள். நன்றாகி ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சீட்டில் மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெளிவாக இருக்கட்டும். வேலைக்குப் போன இடத்தில், கேரளத்துக் கட்டப்பனையில் மயங்கி விழுந்தால் அங்குள்ள மருத்துவருக்குக் கம்பெனிப் பெயரை விட அதுதான் உதவும்.

உயிரை விட முயன்று பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஒளிக்கும் குடும்பத்துக்கு 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவை விளக்குங்கள். கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே சட்டம் கருதுகிறது, தண்டனை இல்லை. சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரப் பேச்சும் 18 மாதத்தில் ஒன்பது முறை விசாரிப்பும் சாவை வெகுவாகக் குறைத்தன. இதற்குப் பெரிய செலவு கிடையாது, ஒரு நோட்டும் போனும் போதும். பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமலிருப்பதும் அதே அளவு முக்கியம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் கிராமத்துக்குப் பொதுப் பெட்டகம் வைத்துப் பார்த்தார்கள். இங்கே குத்தகைக்காரர்கள் தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைக்கலாம். இடைப்பட்ட நேரத்துக்கு அரசின் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

ஓபி நாள் முடிவானதும் ஜீப் டிரைவர்களுக்கும் கங்காணிகளுக்கும் முதலில் சொல்லி அனுப்புங்கள். பலகையில் மனநலம் என்று தனியாக எழுத வேண்டாம். சர்க்கரை, பிரஷர் பார்க்கிற அதே வரிசையில் மனசு சரியில்லாமல் வருகிறவர்களும் நிற்கட்டும்.

இப்படிக்கு,
மலைக்கு வேலைக்குப் போகும் ஊர்களின் நலப்பணியாளர்கள்