ஸ்கோலினும் ஒரு காலிக் கட்டமும்

அன்புள்ள சுமதி,

நான் நலம். நீயும் நலம்தான் என்று உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தினமும் சொல்கிறது, அதிலும் அந்தச் சிங்கப்பூர் செந்தோசா படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ நிற்கிற நிற்பை நம்ம மேட்ரன் பார்த்திருந்தால் ஒரு மாதம் நைட் டியூட்டி போட்டிருப்பார். எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை, ஒத்துக்கொள்கிறேன். திட்டுவதானால் இந்த வரியோடு திட்டி முடித்துக்கொள். அம்மாவுக்கு மூட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, வித்யா பன்னிரண்டாவது போய்விட்டாள், இவர் வழக்கம்போல. போதுமா? இப்போது நான் எதற்காக உட்கார்ந்து எழுதுகிறேனோ அதற்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் நர்சிங் பிள்ளைகளைப் போஸ்டிங் அனுப்பும் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு வரவில்லை. பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறாள், குழந்தையும் கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனால் அந்த ராத்திரியில் பாதிப் பங்கு என்னுடையது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது, வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால் உன் தலையில் கொட்டுகிறேன்.

முதல் பிரசவம், சாயங்காலமே அட்மிஷன். ராத்திரி இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்து, கூடவே தொப்புள் கொடி முன்னால் இறங்கிவிட்டது. முதுகில் ஊசி போட நேரமில்லை, நேராக ஓ.டி., முழு மயக்கம். தூக்க மருந்து, அதன் பின்னாலேயே தசைகளைத் தளர்த்தும் ஸ்கோலின், டியூப் உள்ளே போனது, குழந்தை வெளியே வந்து அழுதது. எல்லாம் சரியாகத்தான் போனது. ஸ்கோலின் அஞ்சு பத்து நிமிஷ மருந்து, உனக்குத் தெரியாததா. பத்து நிமிஷம் ஆனது, இருபது ஆனது, உடம்பில் அசைவே இல்லை. மயக்க டாக்டர் கெட்டிக்காரர், சந்தேகப்பட்டு வேறு தசைத்தளர்ச்சி மருந்து எதையும் மேலே போடாமல், மணிக்கட்டில் நரம்பைத் தூண்டும் கருவியை வைத்துப் பார்த்திருக்கிறார். கட்டை விரல் துளிகூடத் துடிக்கவில்லை. உடனே தூக்க மருந்தைத் தொடர்ந்து ஓடவிட்டார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார், உள்ளே முழு விழிப்பு, வெளியே இமையைக்கூட அசைக்க முடியாது. அப்படியே ஐ.சி.யு., வெண்டிலேட்டர். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆனது அவள் தானாக மூச்சு விட.

காரணம் உனக்குப் புரிந்திருக்கும். ஸ்கோலினை உடைக்கிற நொதி, அந்த சூடோகோலினெஸ்டரேஸ், அவள் ரத்தத்தில் இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு. இதில் ஒரு கூத்து கேள். காலையில் லேப் ரிப்போர்ட் வந்ததும் ஐ.சி.யு.வில் டியூட்டி மாறி வந்த சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைக்கூடத் திருப்பாமல் புருஷன்காரனைக் கூப்பிட்டு, “வீட்ல ஏதாவது சண்டையா? பூச்சிமருந்து குடிச்சாங்களா?” என்று கேட்டுவிட்டார். அவர் மேலும் முழுத் தப்பு சொல்ல முடியாது, நம்ம ஊரில் கோலினெஸ்டரேஸ் குறைந்தால் முதலில் யாருக்கும் நினைவுக்கு வருவது பூச்சிமருந்துதான், பருத்திக்காட்டுக் கேஸ்கள் நாம் பார்க்காததா. அந்தப் பையன் ராத்திரிதான் அப்பா ஆனவன், நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நம்ம பக்கத்து மயக்க டாக்டர்கள் பலர் ஆபரேஷனுக்கு முன்னால் “நீங்க ஆரிய வைசியரா?” என்று கேட்பது ஞாபகம் இருக்கிறதா? அந்த மக்களிடம் இந்தக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மற்றபடி அவர்கள் ஆரோக்கியத்துக்கு ஒரு குறைவும் கிடையாது, ஸ்கோலின் மாதிரி மருந்து உள்ளே போகிற அன்றைக்குத்தான் விஷயமே தெரியவரும். எந்த மரபணு மாற்றம் இது என்று 2006இல் கண்டுபிடித்துச் சொன்னதில் நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்துக்காரர்களும் உண்டு, அந்த நொதியில் 307ஆம் இடத்தில் லூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். மருதமலை பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டி எத்தனை தடவை போயிருப்போம், பொரி உருண்டை தின்றுகொண்டு! 2009இல் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவில் மரபியலாளர் டேவிட் ரைக் குழுவும் சேர்ந்து செய்த ஆய்வில், இவர்கள் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகி இரண்டாயிரம் மூவாயிரம் வருஷமாகத் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துவந்ததன் தடம் மரபணுவிலேயே தெரிகிறது என்றார்கள். அந்தச் சிறு கூட்டத்தில் யாரோ ஒருவரிடம் இருந்தது, அப்படியே ஊறிவிட்டது.

இனி என் பங்குக்கு வருகிறேன். அந்த மருத்துவமனையில் ஆபரேஷன் செக்லிஸ்ட்டின் அடியில் மயக்க டாக்டர்கள் கேட்டுக்கொண்டதால் ‘சமூகம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில் அதை நிரப்பியது என்னுடைய நாலாம் வருஷ மாணவி. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாள். ஏன் விட்டாள்? நான்தான் காரணம். முதல் வருஷத்திலிருந்தே நான் அவர்களிடம் சொல்லி வருவது, நோயாளியிடம் சாதி கேட்காதே, வார்டுக்குள் அந்தப் பேச்சே வரக்கூடாது. நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். லில்லி மிஸ் முதல் நாள் அட்டென்டன்ஸ் எடுத்த விதம் உனக்கும் மறந்திருக்காது. பிராக்டிகல் ரெக்கார்டில் ‘ரிலிஜன், காஸ்ட்’ என்று இருந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு எழுதச் சொல்வேன், ஒவ்வொரு பேட்சுக்கும், பெருமையாக.

அவளைக் கூப்பிட்டேன். கத்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன், கொஞ்சம் கத்திவிட்டேன். இது வேற, இது மருந்துக்காகக் கேட்கிறது, இந்த வித்தியாசம்கூடத் தெரியாதா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம் மெதுவாக, “மிஸ், நான் அவங்கள கேட்டா, அவங்க என்னைத் திருப்பிக் கேப்பாங்க மிஸ்” என்றாள்.

சுமதி, எனக்கு வாய் அடைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக டியூட்டராக இருக்கிறேன். கேள்வியைக் கேட்பவள் யார் என்று ஒரு நாளாவது யோசித்திருப்பேனா? பெரிய டாக்டர் கேட்டால் அது மருத்துவக் கேள்வி. இருபது வயதுப் பெண், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், சதா யாராவது ஒருவர் ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகினவள், அவள் எப்படிக் கேட்பாள்? “நீ எந்த ஆளுங்க கண்ணு?” என்று கட்டிலில் இருப்பவர் பாசமாகத்தான் திருப்பிக் கேட்பார், அந்தப் பாசம் பதில் கேட்டதும் எங்கே போகும் என்று உனக்கும் எனக்கும் தெரியும்தானே.

இதைவிடப் பெரிய விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. அவள் கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அந்தப் பெண் ஆரிய வைசியர், புருஷன் வேறு சாதி, காதல் கல்யாணம். படிவத்துக்கெல்லாம் பதில் சொன்னது புருஷன், அவன் தன் சாதியைத்தான் சொல்லியிருப்பான். கட்டம் நிரம்பியிருக்கும், ஸ்கோலினும் போயிருக்கும், என் மாணவியைக் குற்றம் சொல்லவும் ஆள் இருந்திருக்காது. சரி, அந்தப் பெண்ணையே கேட்டு ‘செட்டியார்’ என்று சொல்லியிருந்தால்? இங்கே ஆரிய வைசியர்களுக்கும் அந்தப் பட்டம்தானே. நாட்டுக்கோட்டையா, தேவாங்கரா, வாணியரா, இருபத்து நாலு மனையா? ஒரே பட்டம், வேறு வேறு மக்கள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. மரபணு பட்டத்தைப் பார்த்தா உட்காருகிறது?

ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அந்தப் பெண்ணின் அம்மா, பேரன் பிறந்த சேதி கேட்டு விடிகாலையில் சேலத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஐ.சி.யு. வாசலில் வைத்து அவர் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். “எங்க அம்மாவுக்கும் பித்தப்பை ஆபரேசன்ல இப்படித்தாங்க, காலைல போனவங்க பொழுது சாயறவரைக்கும் மூச்சு விடல. இந்த ஊசி இனிமே போடவே கூடாதுன்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாருங்க. வீடு மாத்தினப்ப அந்தச் சீட்டு எங்கியோ போயிருச்சு.”

தொலைந்துபோன ஒரு துண்டுச் சீட்டு! நாம் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். உங்களுக்கோ உங்கள் ரத்த சொந்தத்தில் யாருக்காவதோ மயக்கம் கொடுத்தபோது முழிக்க, மூச்சு விட ரொம்ப நேரம் ஆனதா? இந்தக் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் பொருந்தும், ஏனென்றால் இந்தக் குறை மற்ற மக்களிலும் இருக்கத்தான் செய்கிறது, அரிதாக. மயக்க டாக்டரிடம் சொன்னேன். “ரெண்டையும் கேளுங்க சிஸ்டர், முதல் பிரசவத்துக்கு வர்ற பொண்ணுக்குக் குடும்பத்துல யாருக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சுன்னு என்ன தெரியும்?” என்றார். அதுவும் நியாயம்தான், எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே, “பொறந்த பையனுக்கு அம்மா வழியா ஒரு பங்குதான் வந்திருக்கும், ரெண்டு பக்கமும் வந்தாத்தான் வம்பு, காதல் கல்யாணத்துக்கு நன்றி சொல்லணும்” என்றார். ஸ்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் கொடுக்கலாம், அதைச் சட்டென்று முறிக்க சுகமாடெக்ஸும் இருக்கிறது, ஆனால் அது என்ன விலை என்று உனக்குத் தெரியும், எல்லா ஓ.டி. அலமாரியிலும் இருக்காது.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. என் பாடக் குறிப்புகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். ஆக்சிஜன் குறைந்தால் ‘உதடு நீலம் பாரிக்கும்’ என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சுமதி. யாருடைய உதடு? நம்ம வார்டில் எத்தனை பேருக்கு நீலமாகிப் பார்த்திருக்கிறாய்? நம் பிள்ளைகளுக்கு நாக்கைப் பார், உதட்டின் உள்பக்கம் பார், கீழ் இமையை இழுத்துப் பார் என்றல்லவா முதலில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் தடிப்பு, அம்மை எல்லாம் சிவப்பாக, வெள்ளைத் தோலில். லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் 2020இல் இதே ஆதங்கத்தில் கறுப்பு, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று தனியாகக் கையேடே போட்டுவிட்டார். அந்தப் பிள்ளைக்கு உறைத்தது எனக்கு உறைக்கவில்லை.

பல்ஸ் ஆக்சியும் அப்படித்தான். விரல் வழியாகச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் அனுப்பி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கணக்குப் போடும் கருவி, தோலின் நிறமி கணக்கைக் கொஞ்சம் குழப்பும். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்டது இது: கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, ஏ.பி.ஜி. என்கிற தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களிடம் எடுத்த அளவீடுகளில் நூற்றுக்கு 3.6இல், கறுப்பர்களிடம் எடுத்தவற்றில் 11.7இல். அதைப் படித்ததும் எனக்குக் கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதம்தான் கண் முன்னால் வந்தது. 93 இருக்கு, வீட்டுக்குப் போய் குப்புறப் படுங்க என்று எத்தனை பேரை அனுப்பினோம். அந்த ஆய்வு நம்மவர்களைப் பற்றியது இல்லைதான். ஆனாலும் எங்கள் வார்டில் கட்டடத் தொழிலாளி ஒருவர், நல்ல கறுப்பு, கருவி 94 காட்டுகிறது, மனுஷன் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுகிறார், நான் கருவியை நம்பி அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவர் பிழைத்துவிட்டார். நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ஊரில் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் முன்னால் ஆசிய வம்சாவளியினர் எல்லோருக்கும் அந்த ஹெச்.எல்.ஏ. மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி 2013இலேயே உங்கள் அரசாங்கம் பரிந்துரைத்துவிட்டதே, சீனர்களுக்கும் மலாய்க்காரர்களுக்கும் தோல் உரிகிற அந்த ஆபத்து அதிகம் என்று. பெயரைப் பார்க்காமல் ரத்தத்தைப் பார்க்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உங்கள் அரசாங்கக் கணக்கில் பஞ்சாபிக்கும் மலையாளிக்கும் உனக்கும் சேர்த்து ‘இந்தியர்’ என்று ஒரே சொல்தானே? அதை வைத்துக்கொண்டு டாக்டர்கள் என்னதான் செய்கிறார்கள்? நோயாளியிடம் இனம் பற்றிக் கேட்கும்போது நீ எந்த வார்த்தையில் கேட்கிறாய், முகம் சுளிக்கிறார்களா, எல்லாம் எழுது. நீ எதையும் கேட்காமலே கண்டுபிடிக்கிறவள், அதுவும் தெரியும்.

மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். டியூட்டர் மன்னிப்புக் கேட்பதை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, என்னைவிட அவள்தான் சங்கடப்பட்டாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கார்டு தயார் செய்திருக்கிறோம், பர்ஸில் வைக்கிற அளவு, மருந்தின் பெயர் தமிழிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில், பின்பக்கம் லேப் அளவு. ஜெராக்ஸ் கடைக்காரர் லேமினேட் செய்ய ஒன்றுக்கு இருபது ரூபாய் கேட்டு, பேரம் பேசிப் பதினைந்தில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. அவள் தங்கைக்கும் ரத்தம் பார்த்தார்கள், அவளுக்கும் அடிமட்டம். சேலத்தில் தாய்மாமாவுக்கு அடுத்த வாரம் ஹெர்னியா ஆபரேஷனாம், அந்த அம்மா ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குப் போன் போட்டு, “டீச்சரம்மா, அந்த ஊசி பேரை இன்னொருக்கா சொல்லுங்க, கையிலேயே எழுதிக்கறேன்” என்கிறார். ஸ்கோ, லின் என்று இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வருகிறாயா இல்லையா? வந்தால் தைலம் வேண்டாம், சாக்லேட் வேண்டாம், நீங்கள் அங்கே பயன்படுத்தும் அந்தக் கேள்விப் படிவத்தின் வெற்றுப் பிரதி ஒன்று கொண்டு வா. சரி, சாக்லேட்டும் கொண்டு வா, வித்யா கொன்றுவிடுவாள்.

உன்
கமலா