அந்தப் பழைய பொருளையும் ஒரு வரி எழுதுங்கள்: ஆங்கில–தமிழ் அகராதித் தொகுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

கைப்பேசிச் செயலிகளுக்கும் கையடக்க அகராதிகளுக்கும் சொற்பொருள் எழுதும் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய ஆங்கில நூல்களைப் படிக்கிற பலரும், சொற்களின் பழைய பொருள் உங்கள் அகராதிகளில் இல்லை என்று ஏற்கெனவே உங்களிடம் முறையிட்டிருப்பார்கள். நானும் இரண்டு முறை எழுதினேன், பதில் வரவில்லை. போன மாதம் நடந்த ஒன்றுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தைத் துணையில்லாமல், உங்கள் செயலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு படித்தார். இறந்துபோன தந்தையின் ஆவி கை காட்டி அழைக்கிறது. பின்னால் போகப் பார்க்கும் ஹாம்லெட்டை நண்பர்கள் பிடித்து இழுக்கிறார்கள். கையை எடுங்கள், என்னை 'லெட்' (let) செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று அவன் சீறுகிறான். மாணவர் 'லெட்' என்று தேடினார். அனுமதி, விடு, வாடகைக்கு விடு: இவ்வளவுதான் இருந்தது. 'என்னை விடுகிறவனைக் கொன்றுவிடுவேன்' என்று எழுதிக்கொண்டார். விடச் சொல்கிறவன் விட்டால் ஏன் கொல்ல வேண்டும்? அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆனால் அவர் அகராதியைச் சந்தேகப்படவில்லை. ஹாம்லெட்டுக்கு அந்தக் காட்சியிலேயே புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி, அதை வைத்துக் கட்டுரையில் ஒரு பக்கம் எழுதினார். அந்தப் பக்கம் முழுக்க அடிபட்டது. 'எனக்கு இங்கிலீஷ் வராதுங்க' என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்த இடத்தில் 'லெட்' என்றால் தடு. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனித்தனி வினைகள். விடு என்பதற்கு ஒன்று, தடு என்பதற்கு ஒன்று. காலப்போக்கில் ஒலியும் எழுத்தும் ஒன்றாகிவிட்டன. பிறகு தடு என்ற பொருள் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தது. ஆனாலும் முழுதாகச் சாகவில்லை. 'லெட்' எதுவும் இல்லாமல் இவரைச் செல்லவிடுங்கள் என்று கடவுச்சீட்டுகளில் இன்றும் அச்சாகிறது. டென்னிஸில் போடும் பந்து வலையை உரசிப் போனால் 'லெட்' என்கிறார்களே, அதுவும் இந்தத் தடைதான். ஒரே சொல்லுக்கு நேர் எதிரான இரண்டு பொருள் இருக்கும்போது ஒன்றை மட்டும் தருவது பாதி உதவி ஆகாது, தவறான வழியைக் காட்டுவதாகத்தான் ஆகும்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. ஒரு சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று இருந்தால், 'பழைய வழக்கு' என்று குறித்து அதையும் ஒரு வரி எழுதுங்கள்.

இது 'லெட்' ஒன்றோடு நிற்கவில்லை. 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில், சிறு பிள்ளைகள் என்னிடம் வருவதற்கு 'சஃபர்' (suffer) செய்யுங்கள் என்று இயேசு சொல்கிறார். உங்கள் பதிவில் துன்பப்படு, அவதிப்படு என்று இருக்கிறது. அங்கே பொருள் இடம்கொடு. அதே பைபிளில் துதிப்பாடல் ஒன்றைப் பாடியவர் விடியலைப் 'பிரவென்ட்' (prevent) செய்தேன் என்கிறார். அவர் விடியலைத் தடுத்துவிடவில்லை, விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டார். ரோமியோ ஜூலியட் நாடகத்தில் 'வேர்ஃபோர்' (wherefore) என்று கேட்கும் ஜூலியட், ரோமியோ எங்கே என்று தேடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருள் ஏன். ஏன் நீ ரோமியோவாக இருக்கிறாய், ஏன் பகைவர் வீட்டுப் பெயரைச் சுமக்கிறாய் என்பதுதான் அவள் கேள்வி.

இப்போது பேச்சில் பெரும்பாலும் மறைந்துவிட்ட 'தவ்' (thou) என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதில் எனக்கு வருத்தம் அதிகம். 'தவ்' என்றாலும் நீ, 'யூ' என்றாலும் நீ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இருந்தது. நெருங்கியவரையும் கீழே உள்ளவரையும் 'தவ்' என்றார்கள், மதிக்க வேண்டியவரை 'யூ' என்றார்கள். 1603இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலே மீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் வேண்டுமென்றே அவரைத் 'தவ்' என்று அழைத்து, அப்படித்தான் அழைப்பேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அவமதிப்பை இன்றைய ஆங்கிலக்காரருக்கு விளக்கத்தான் வேண்டும். நமக்கு அது சட்டென்று புரிந்துவிடும், நீங்கள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால்.

இடம் இல்லை என்பீர்கள். அச்சுப் புத்தகத்துக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். செயலியில் ஏது இடப் பஞ்சம்? நேற்று முளைத்த கொச்சைச் சொல்லை எல்லாம் 'புதிய வரவு' என்று உடனுக்குடன் சேர்க்கிறீர்கள். சேருங்கள், அது வேண்டியதுதான். ஆனால் அதே வேகத்தில் பழையதை ஏன் கழற்றிவிடுகிறீர்கள்? 1884இல் முதல் பகுதி வந்து 1928இல் நிறைவுபெற்ற பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, செத்துப்போன சொல்லையும் விடாமல் வைத்து, முன்னால் ஒரு சிறு குத்துவாள் குறி போட்டது. குறிதான் போட்டார்கள், சொல்லை நீக்கவில்லை. நாற்றம் என்றால் முன்பு நறுமணம் என்பதைப் பெரிய தமிழகராதிகள் விடுவதில்லையே! நம் சொல்லுக்கு நாம் காட்டும் அக்கறையை, நம் பிள்ளைகள் முட்டி மோதிப் படிக்கிற மொழிக்கும் காட்டக் கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உழைப்பு எவ்வளவு என்பது தெரியும். நானே உங்கள் அகராதிகளால் படித்தவன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை. பள்ளி, கல்லூரிப் பாடங்களில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களிலிருந்து தொடங்குங்கள். இன்றும் வழங்கி, ஆனால் பொருள் மாறிப்போன சொற்களுக்கு முதலிடம் கொடுங்கள், ஏனென்றால் தெரியாத சொல்லைத்தான் தேடுவோம். தெரிந்ததாக நினைக்கும் சொல்லில்தான் ஏமாறுவோம். என்னிடம் நான் குறித்துவைத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், சரிபார்த்தும் தருகிறேன்.

தயவுசெய்து முதலில் 'லெட்' பதிவைத் திருத்துங்கள். அந்த மாணவர் அதே செயலியை வைத்துக்கொண்டுதான் இப்போது அடுத்த நாடகத்தைப் படிக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அகராதிகளின் நெடுநாள் வாசகன்