சென்னை வீட்டு ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாருக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

டூலெட் போர்டைப் பார்த்து போன் செய்தால் நீங்கள் கேட்கும் கேள்விகள் எங்களுக்கு மனப்பாடம். எத்தனை பேர், எங்கே வேலை, வெஜ்ஜா நான்வெஜ்ஜா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அட்வான்ஸ் பேச்சு வரைக்கும் வந்த பிறகு, “வீட்டில் ஒரு பூனை உண்டு சார்” என்றதும் “அசோசியேஷனில் ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்று போனை வைத்துவிடுகிறீர்கள்.

முதலில் இந்த அபார்ட்மென்ட் அசோசியேஷன் கதையை முடித்துவிடலாம். சங்கத்தில் அத்தனை பேரும் கை தூக்கினாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது, நாயை லிஃப்டில் ஏற்றாதே என்று சொல்லவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. (1962-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் தொடங்கிய வாரியம் அது, ரொம்ப காலம் நம் திருவான்மியூரில்தான் இருந்தது.) சங்கங்கள் போடும் இப்படிப்பட்ட விதிகள் செல்லாது என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சரி, இதெல்லாம் சங்கத்துக்கு. உங்கள் சொந்த வீட்டு அக்ரிமென்ட்டில் ‘கூடாது’ என்று நீங்கள் எழுதினால் அது வேறு விஷயம், அங்கே நான் சட்டம் பேச வரவில்லை. சங்கத்தின் தலையில் போடாமல் உங்களுக்கு என்ன பயம் என்று நேராகச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பயப்படக் காரணம் இருக்கிறது. தேக்குக் கதவை நாய் பிறாண்டும், மூத்திர வாடை லேசில் போகாது, குளிப்பாட்டினால் முடி போய் பாத்ரூமில் தண்ணீர் போகும் ஜாலியை அடைக்கும். பூனை நகத்துக்கு முதல் பலி பால்கனிக் கதவின் நைலான் கொசுவலை, கீழ்மூலை நூல் நூலாகத் தொங்கும். ஆனால் இதில் எதுவும் சரிசெய்ய முடியாத சேதம் இல்லை, நைலானுக்குப் பதில் ஸ்டீல் வலை அடித்தால் பாதி பிரச்சினை தீர்ந்தது.

நீங்கள் வேண்டாம் என்பதால் நாய் பூனை வளர்ப்பது நின்றுவிடவும் இல்லை. ஒளித்து வளர்க்கிறார்கள். ஒளித்து வளர்ப்பவர் கதவு கீறியதை உங்களிடம் சொல்லமாட்டார், காலி செய்யும் அன்றைக்குத்தான் உங்களுக்கே தெரியும். இன்னும் சிலர், வீடு கிடைத்தால் போதும் என்று, ஏசி அறையில் வளர்ந்த லேப்ரடாரைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது தெரு நாய்களிடம் கடிபட்டே செத்துப் போகும்.

2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யத்தான் வேண்டும். அதிலேயே நாலு வரி சேர்த்துவிடுங்கள். நாயா பூனையா, எத்தனை, மாநகராட்சி உரிமமும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் இருக்கிறதா, வலை கிழிந்தாலோ கதவு கீறினாலோ யார் செலவு. ராத்திரி குரைத்து பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறோம்.

எப்படியும் காலி செய்யும்போது, சுவர் புதிதுபோல் இருந்தாலும், பெயின்ட்டுக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிறீர்கள். அந்தப் பணத்தில் எத்தனை கதவுக்கு ஸ்டீல் வலை அடிக்கலாம் என்று உங்கள் கார்பென்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அப்புறம் பூனை வேண்டாம் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.