எல்லாருக்கும் இளநீரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கோடைக்கால உணவுப் பக்கத்தைப் படித்தேன். நுங்கு, வெள்ளரி, தர்பூசணி, பதநீர் என்று படங்களோடு அழகாகத்தான் போட்டிருந்தீர்கள். ஆனால் ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள், தினமும் இரண்டு இளநீர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்பட்டுவிடும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாராளமாகக் குடிக்கலாம் என்று இருந்தது. எழுதியவர் ஊட்டச்சத்து படித்தவர் என்ற குறிப்பு வேறு. வீட்டு வைத்தியம் சொல்லும் பாட்டி எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் ஊட்டச்சத்துத் துறை முதலாண்டு மாணவியருக்கு உடலியங்கியல் (பிசியாலஜி) எடுக்கிறேன். அதற்கு முன்பு ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். டயாலிசிஸ் பிரிவும் என் பொறுப்பில்தான் இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை.

இளநீரின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர் வெயிலில் வந்து ஒன்று வெட்டிக் குடித்தால் நல்லதுதான். ஆனால் ஒரு காயின் தண்ணீரில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கும், பெரிய காயானால் அதற்கு மேலும் இருக்கும். நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் சுமார் 90 சதவீதத்தை வெளியே அனுப்புவது சிறுநீரகம்தான். அது படுத்துவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் இருக்க வேண்டியது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான். உள்ளே நிறைய, வெளியே கொஞ்சம் என்ற அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இதயத் தசை தன் மின்துடிப்பை நடத்துகிறது. 6.5-ஐத் தாண்டினால் இ.சி.ஜி. வரைபடத்தில் டி அலை என்ற மேடு கூர்மையாக எழும்பும், துடிப்பு தாறுமாறாகும், சில நேரம் நின்றும் போகும். வலி, காய்ச்சல் என்று முன்கூட்டி எதுவும் சொல்லிக்கொண்டு வராது.

'கழுவுவது' என்ற பேச்சுக்கும் வருகிறேன். சிறுநீரகத்தைக் கழுவ வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு அது ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது, சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர்தான். போகிக்கு வீட்டுச் சாமான் அத்தனையையும் வாசலில் இறக்கிவைத்து, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிற வேலை அது. சர்க்கரை, சோடியம், தண்ணீர் எல்லாம் உள்ளே போகும். பொட்டாசியமும் முதலில் பெரும்பாலும் உள்ளே எடுக்கப்பட்டு, சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் எவ்வளவு வெளியே தள்ள வேண்டும் என்று முடிவாகிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் அந்த இடத்தில்தான் பொட்டாசியத்தை வெளியே தள்ளவைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு இந்த ஹார்மோனை மட்டுப்படுத்தும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் கூடுவதும் இதனால்தான். அவர்களுக்குச் சிறுநீரக நோய் என்று யாரும் சொல்லியிருக்கக்கூட மாட்டார்கள். உங்கள் கட்டத்தைப் படித்துவிட்டு இரண்டு காய் வாங்கக் கிளம்புகிறவர்களில் இவர்களும் உண்டு.

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் டயாலிசிஸுக்கு வருவார். அவருடைய வீட்டம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏம்மா, காய்கறிய வேகவச்சுத் தண்ணியக் கொட்டச் சொல்றீங்க. சொந்தத் தோப்புக் காயத் தொடாதீங்கங்கிறீங்க. அப்புறம் என்னத்தத்தான் மனுசன் திங்கிறது?" காய்கறியில் உள்ள பொட்டாசியம் தண்ணீரோடு கொஞ்சம் போகட்டும் என்றுதான் அப்படிச் சொல்வோம். ஆனாலும் நியாயமான கேள்வி. கையில் இருந்த பட்டியலை நீட்டியிருந்தால் அந்தம்மா அதை மடித்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். உட்காரவைத்து, ஒரு துண்டுத் தாளில் சிறுநீரகக் குழாயை வரைந்து, பொட்டாசியம் எந்த வாசலில் வெளியேறும், இவருக்கு அந்த வாசல் எப்படி அடைபட்டிருக்கிறது என்று காட்டினேன். பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப மிசின்ல போடுறதுக்குக் கொஞ்சம் முந்திக் குடிச்சா மிசினே எடுத்துரும்ல?" என்றார். குடிக்கலாமா கூடாதா என்பதை டாக்டரிடம் விட்டுவிட்டேன், அது நான் சொல்ல வேண்டியதல்ல. ஆனால் எட்டாவது வரை படித்த மனிதர் கேட்ட அந்தக் கேள்வி, பட்டம் வாங்கியவர் எழுதிய உங்கள் கட்டத்தைவிட உடலியங்கியலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறவருக்கு இளநீர்தான் மருந்து என்பதிலும் பாதிதான் சரி. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். இளநீரில் அது குறைவு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் அதைவிட நன்றாக ஈடுகட்டும். பேதியாகிறவருக்கு இரண்டுமே போதாது, ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டும். அதில் ஏன் சர்க்கரையும் சேர்க்கிறார்கள் என்று கேட்டால் பலரும் "தெம்புக்கு" என்பார்கள். சிறுகுடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே வாசலில் ஜோடியாகத்தான் உள்ளே நுழைகின்றன, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதியின்போதும் இந்த வாசல் அடைபடுவதில்லை. இரண்டும் ஜோடியாக நுழைகின்றன என்பது 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் சொன்ன கருத்து. 1971-இல் வங்கதேசப் போருக்குத் தப்பிவந்த அகதிகள் குவிந்திருந்த மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4 பேருக்கும் கீழே இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2023-இல், அவர் காலமான பிறகு. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆத்திரம் வரும்.

சரி, ஊட்டச்சத்து படித்தவருக்கே இதெல்லாம் எப்படித் தவறிப்போகிறது? எங்கள் துறையில் உடலியங்கியல் என்பது முதலாண்டிலேயே முடிந்துபோகிற ஒரு பேப்பர். 'பிசியாலஜில அரியர் வைக்காம தாண்டிட்டா போதும்' என்பதுதான் சீனியர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். சில கல்லூரிகளில் யாருக்குப் பாடவேளை குறைகிறதோ அவர் தலையில் இதைக் கட்டிவிடுகிறார்கள். பிளஸ் டூவில் உயிரியலே எடுக்காத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் படத்தைப் பத்து மார்க்குக்கு வரைந்து, பாகங்களைக் குறித்து, பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து சிறுநீரக நோய்க்கு டயட் போடும் பாடம் வரும்போது, 'தவிர்க்க வேண்டியவை: இளநீர், வாழைப்பழம், கீரை' என்று அதையும் மனப்பாடம் செய்கிறார்கள். காரணத்தோடு சேராமல் மனப்பாடம் செய்த பட்டியல் எவ்வளவு நாள் நிற்கும்?

"மேம், நாங்க என்ன டாக்டருக்கா படிக்கிறோம்?" என்று வருடா வருடம் ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் பரோட்டாவைப் பிடித்துக்கொள்வேன். சர்க்கரை நோயாளி ஒருவர் ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் சர்க்கரை பரவாயில்லை, நிம்மதியாகப் படுக்கிறார். நடுராத்திரியில் எகிறி நிற்கிறது. கலோரி அட்டவணையில் இதற்குப் பதில் கிடையாது. எண்ணெய் சிறுகுடலுக்குள் வந்ததும் அங்கே சுரக்கும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரைப்பை காலியாவதை நிதானமாக்கிவிடுகிறது. மாவுச்சத்து தாமதமாகத்தான் இறங்குகிறது, அதனால் சர்க்கரையும் தாமதமாக ஏறுகிறது. இது தெரிந்த டயட்டீஷியன் எந்த நேரத்தில் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று யோசிப்பார். தெரியாதவர் 'பரோட்டா கூடாது' என்று மட்டும் எழுதுவார். மதுரையில் அந்த வரியை யார் கேட்கப்போகிறார்கள்?

லேபில் சாலி என்ற பழைய முறையில் ஹீமோகுளோபின் பார்க்கிற நாளில் மட்டும் வகுப்பே வேறு மாதிரி இருக்கும். அவரவர் விரலைக் குத்தி, 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை மெல்லிய பிப்பெட்டில் உறிஞ்சி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள குழாயில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ரத்தம் காப்பி நிறத்துக்கு மாறும். பிறகு ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியின் பழுப்போடு ஒத்துவரும்வரை காய்ச்சி வடித்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்க வேண்டும். இன்றைக்கு இயந்திரம் இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடும், தெரியும். ஆனாலும் ஹீமோகுளோபின் குறைந்த தன் ரத்தம் நாலு சொட்டுத் தண்ணீரிலேயே வெளிறிப்போவதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை அதை மறக்காது.

போன வருடம் ஒரு மாணவிக்கு 100 மில்லி ரத்தத்துக்கு 9 கிராம் காட்டியது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். "வீட்ல வாராவாரம் முருங்கைக்கீரை சாப்புடுறேன் மேம்" என்று அழாத குறை. விடுதியில் டிபனோடு டீ குடிப்பாளாம். கீரையில் உள்ள இரும்பை டீயின் டானின் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது, ரத்தத்துக்கு வருவது சொற்பம். எலுமிச்சையின் வைட்டமின் சி இருந்தால் கொஞ்சம் கூடுதலாக ஏறும். நல்ல உடம்பு ஒரு நாளைக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் இரும்பைத்தான் உள்ளே விடும். மாதவிலக்கில் போவதை ஈடுகட்டவே அது திணறும். தட்டில் இருப்பது ஒன்று, ரத்தத்தில் சேருவது வேறு என்பதை அன்றைக்கு அந்த வகுப்பு முழுவதும் கற்றுக்கொண்டது. 9 கிராம் காட்டியதால் அவளை டாக்டரிடமும் அனுப்பினேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். என் வகுப்பு அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

கல்லூரிகளைக் கேட்டுக்கொள்வது இதுதான். மருத்துவமனைப் பயிற்சியைக் கடைசி ஆண்டுக்கென்று மூட்டை கட்டி வைக்காமல், முதலாண்டிலேயே டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரு காலைப் பொழுதாவது கூட்டிப்போங்கள். உடலியங்கியலை அதைப் படித்தவரிடம் கொடுங்கள்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. எந்த உணவை நல்லது என்று போட்டாலும், அது யாருக்கு ஆகாது என்பதையும் அதே கட்டத்துக்குள், அதே எழுத்தளவில் போடுங்கள். இளநீர் விஷயத்தில் திருத்தம் வரும் ஞாயிறே வந்தால் நல்லது. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்குகிறது, தல்லாகுளத்திலிருந்து வைகைக் கரை வரை பந்தல் பந்தலாக வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் டம்ளரைக் கொடுப்பார்கள். சிறுநீரக நோயாளிகளும் பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம் என்று போட்டால் போதும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு நீர்மோரும் பானகமும்கூட அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும் என்பதற்கும் ஒரு வரி இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உடலியங்கியல் ஆசிரியை ஒருவர்,
விளாங்குடி, மதுரை.
(பெயர் வெளியிட வேண்டாம்.)