அன்றிரவு சாட்சி சொன்னதை எடுத்துக் காட்டியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட என் அண்ணனின் மேல்முறையீட்டு மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டுவிட்டது. விடுதலை கிடைத்துவிடவில்லை, ஜாமீன்கூடக் கிடைக்கவில்லை. கண்ணால் கண்ட சாட்சியின் வாக்குமூலங்களுக்குள் இருக்கும் முரண்களைக் கேட்க நீதிமன்றம் சம்மதித்திருக்கிறது, அவ்வளவுதான். "தீர்ப்பு வரட்டும், அப்புறம் நன்றி சொல்லிக்கலாம்" என்று வீட்டில் சொன்னார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் நீங்கள் செய்தது செய்ததுதானே. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அண்ணன் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்று நான் நம்புகிறேன். அது தங்கையின் நம்பிக்கை, கோர்ட்டில் அதற்குச் சல்லிக்காசு மதிப்பு கிடையாது. நீங்களும் அதைக் கேட்டு வரவில்லை. "கேஸ் கட்டைக் கொடுங்க, படிச்சிட்டுச் சொல்றோம்" என்றீர்கள். படித்து முடித்த பிறகும் உங்களில் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்க அண்ணன் செஞ்சிருக்கவும் வாய்ப்பிருக்கும்மா. ஆனா இந்தச் சாட்சியத்தை வச்சு அப்படிச் சொல்ல முடியாது." அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நான் சந்தேகப்படவில்லை.

முதல் நன்றி வக்கீல் அம்மாவுக்கு.

வழக்கே ஒரு மனிதரை நம்பித்தான் நிற்கிறது. இரவில் மாடி வராந்தாவில் நின்றபடி, தெருவில் ஒருவன் ஓடியதைப் பார்த்தவர் அவர். கத்தி கிடைக்கவில்லை. ரத்தம் பட்ட துணி இல்லை, கைரேகை இல்லை. அவர் சாட்சிக்கூண்டில் ஏறி அண்ணனைக் கைநீட்டிக் காட்டிய நாளில் நானும் கோர்ட்டில் இருந்தேன். குரலில் துளி தடுமாற்றம் இல்லை. "நேருக்கு நேர் பார்த்தேன், இவர்தான், சந்தேகமே இல்லை" என்றார். தீர்ப்பிலும் அந்த உறுதியைத்தான் எடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

வக்கீல் அம்மா அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. பின்னாலிருந்து முன்னால் போனார். சாட்சி பேசிய மூன்று இடங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதினார். சம்பவ இரவு, போலீஸிடம்: "ஒருத்தன் ஓடினான். நல்ல உயரம். மூஞ்சி சரியாத் தெரியல." சில வாரங்கள் கழித்து, ஸ்டேஷனில் அண்ணனின் போட்டோ ஒன்றை மட்டும் காட்டிய பிறகு: "நடுத்தர உயரம், நெற்றியில் தழும்பு, நேரில் பார்த்தால் அடையாளம் காட்டுவேன்." கடைசியாகக் கோர்ட்டில்: "நேருக்கு நேர் பார்த்தேன்."

அண்ணன் உயரமானவன் இல்லை. அவனுக்கு நெற்றியில் தழும்பு உண்டு, அந்தப் போட்டோவிலும் அது பளிச்சென்று தெரியும். முதல் நாள் வாக்குமூலத்தில் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாளாக ஆக ஞாபகம் மங்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். இங்கே நாளாக ஆகத் தெளிவாகியிருக்கிறது. இடையில் என்ன நடந்தது என்று கேளுங்கள் என்பதுதான் மனுவின் சாரம். விசாரணை நீதிமன்றத்தில் எங்களுக்காக ஆஜரானவர் குறுக்கு விசாரணையில் இதைக் கேட்கவே இல்லை. அதைப் பற்றி இங்கே பேச விரும்பவில்லை.

அந்த இடையில் நடந்ததைப் புரியவைத்தவர் உளவியல் பேராசிரியர். அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "அவர் பொய் சொல்றாரான்னு கேக்காதீங்க. அந்தக் கேள்வியில மாட்டிக்கிட்டா வெளிய வரவே முடியாது" என்றுதான் ஆரம்பித்தார். அதுவரை எங்களுக்கு அந்த மாடி வராந்தாக்காரர் பொய்ச்சாட்சிதான். யாரோ காசு கொடுத்திருப்பார்கள், யாரோ மிரட்டியிருப்பார்கள் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு பேராசிரியர் ஆய்வுகளைச் சொன்னார். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள், இன்னொரு குழுவிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று விசாரித்தார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. "மோதிய" குழுவில் 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள், "நொறுங்கிய" குழுவில் 50 பேரில் 16 பேர். பொய் சொல்ல அவர்கள் யாருக்கும் எந்தக் காரணமும் கிடையாது.

எங்கள் வழக்குக்கு இன்னும் நெருக்கமானது 1998இல் கேரி வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் செய்த ஆய்வு. வீடியோவில் துப்பாக்கிக்காரன் ஒருவனைப் பார்த்தவர்களிடம் சில போட்டோக்களைக் கொடுத்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். அந்தப் போட்டோக்களில் அவன் இல்லவே இல்லை, ஆகவே யாரைக் காட்டியிருந்தாலும் தப்பு. காட்டியவர்களில் சிலரிடம் மட்டும் "நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள்" என்று ஒரு வரி சொன்னார்கள். அந்த ஒரு வரி கேட்டவர்கள், ஆரம்பத்திலிருந்தே தாங்கள் உறுதியாக இருந்ததாகவும், முகம் நன்றாகத் தெரிந்ததாகவும், கவனமாகப் பார்த்ததாகவும் பின்னால் சொன்னார்கள். உறுதி ஏறியதோடு நிற்கவில்லை, பார்த்ததைப் பற்றிய ஞாபகமே மாறிவிட்டது. பேராசிரியர் இதைச் சொன்னபோது வக்கீல் அம்மா பேனாவை எடுத்து, ஸ்டேஷனில் போட்டோ காட்டிய தேதிக்குப் பக்கத்தில் கோடு போட்டார்.

அதனால்தான் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2014 அறிக்கை, போட்டோ காட்டுபவருக்கே யார் சந்தேக நபர் என்று தெரிந்திருக்கக் கூடாது என்கிறது. சாட்சி அடையாளம் காட்டிய அந்த நிமிடமே, எவ்வளவு உறுதி என்பதை அவருடைய சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் வழக்கில் ஒரே ஒரு போட்டோ. காட்டியவருக்கு யாரென்று தெரியும். சாட்சி அப்போது என்ன சொன்னார், எவ்வளவு நேரம் யோசித்தார் என்று ஒரு குறிப்பும் கிடையாது.

செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போன ரொனால்ட் காட்டன் கதையைப் பேராசிரியர் சொன்னபோது அம்மா அழுதுவிட்டாள். 1984இல் வட கரோலினாவில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி, குற்றவாளியின் முகத்தை வேண்டுமென்றே மனதில் பதித்துக்கொண்டவர். போட்டோக்களில் காட்டனைக் காட்டினார். பிறகு நேரில் நிறுத்திய வரிசையிலும் காட்டனையே காட்டினார். போட்டோக்கள், வரிசை இரண்டிலும் பொதுவாக இருந்த ஆள் காட்டன் ஒருவர்தான். 1987இல் இரண்டாவது விசாரணையின்போது உண்மைக் குற்றவாளியையே அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இந்த ஆளை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டிஎன்ஏ பரிசோதனைதான் காட்டனை வெளியே கொண்டுவந்தது. அமெரிக்காவில் டிஎன்ஏவால் இப்படி வெளியே வந்த வழக்குகளில் பத்துக்கு ஏழு வரை தவறான அடையாளம் ஒரு காரணம் என்பது, தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடும் இன்னசன்ஸ் பிராஜெக்ட் அமைப்பின் கணக்கு. எங்களிடம் பரிசோதிக்க டிஎன்ஏ எதுவும் இல்லை. வாக்குமூலங்கள் மட்டும்தான் இருக்கின்றன.

அடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அவர் பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் தயாரித்த முரண்பாட்டுப் பட்டியல் பெரியது: மணி ஒன்பதரையா பத்தா, நாய் குரைத்ததா இல்லையா, கூட்டத்தில் எத்தனை பேர், சட்டை நீலமா கறுப்பா. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து அதில் பெரும்பகுதியை அடித்துவிட்டார். "இதெல்லாம் நிஜமான சாட்சிகிட்டயும் இருக்கும். எல்லாமே அச்சடிச்ச மாதிரி ஒத்துப்போனாத்தான் எனக்குச் சந்தேகம் வரும். நீங்க இதைக் கொண்டுபோய் வச்சா ஜட்ஜ் முதல் பக்கத்தைப் பார்த்துட்டு மூடிடுவார்." சொல்லாமல் விட்டது வேறு, மாற்றிச் சொன்னது வேறு என்றும் பிரித்துக் காட்டினார். தழும்பை முதல் நாள் சொல்லாததைப் பயத்தில் மறந்தார் என்று விளக்கிவிடலாம். முகம் தெரியவில்லை என்று சொன்னவர் நேருக்கு நேர் பார்த்தேன் என்பதை அப்படி விளக்க முடியாது. கடைசியில் மிஞ்சியவை முகம், உயரம், தழும்பு, வெளிச்சம். அந்த நான்கும்தான் மனுவில் இருக்கின்றன. அவர் அடித்த வரிகளுக்காக எனக்கு அப்போது மனசு வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன் சார்.

வெளிச்சத்தைக் கண்டுபிடித்தது சட்டக் கல்லூரி மாணவத் தம்பி. போலீஸே போட்ட சம்பவ இட வரைபடத்தில் தெருவிளக்கு ஒன்று குறித்திருக்கிறது. அந்த வரைபடத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம், வக்கீல்களும் பார்த்திருந்தார்கள். ஓடியவன் வந்த திசையை அதன்மேல் பென்சிலால் போட்டுப் பார்த்தது தம்பிதான். விளக்கு ஓடியவனுக்குப் பின்னால் இருந்தது. மாடியில் நின்றவரை நோக்கி ஓடிவந்தவன் முகத்தில் வெளிச்சம் விழாது, நிழல்தான் விழும். அதே இரவு நேரத்தில் அந்தத் தெருவுக்கே போய், தன் நண்பர்களை ஒவ்வொருவராக ஓடவிட்டான். மாடி வராந்தாவை எங்களுக்குத் தரமாட்டார்கள் என்பதால் எதிர்வீட்டுப் படியில் நின்று பார்த்தேன். தெரிந்த பிள்ளைகள்தான். ஓடுகிற சாயலை வைத்து ஒருவனைச் சொன்னேன். முகத்தை வைத்து யாரையும் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுப் படியும் மாடியும் ஒன்றல்ல என்று தம்பியே குறிப்பு எழுதி மனுவோடு வைத்திருக்கிறான். எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும் என்றான்.

இங்கிலாந்து வழக்குகளின் தீர்ப்புகளைத் தமிழில் எழுதித் தந்த நண்பருக்கும் நன்றி. அவர் எழுதியிருக்காவிட்டால் அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரை 1896இலும் மறுபடி 1904இலும் ஏமாற்றுக்காரன் என்று பல பெண்கள் அடையாளம் காட்டினார்கள், இரண்டு தடவையும் தப்பு, வேறொருவன்தான் செய்தவன். அந்த அமளியில்தான் 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றமே வந்தது. 1976இல் டர்ன்புல் வழக்கில் அங்கே நீதிபதிகள் கேட்கச் சொன்ன கேள்விகளையும் எழுதித் தந்தார். எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், நடுவில் ஏதாவது மறைத்ததா, முன்பே தெரிந்தவரா, முதலில் சொன்ன அங்க அடையாளம் இந்த ஆளோடு பொருந்துகிறதா. நம்பும்படி பேசுகிற சாட்சியும் தவறியிருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தத் தாளை அம்மா பீரோவில் வைத்திருக்கிறாள்.

இறந்துபோனவரின் அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர் மகனைப் பறிகொடுத்தவர். எங்கள் பக்கம் நிற்க அவருக்கு எந்தக் கடமையும் இல்லை, நிற்கவும் இல்லை. நாங்கள் போன அன்று கதவைச் சாத்தவில்லை. மூன்று வாக்குமூலங்களையும் படித்துக் காட்டச் சொன்னார். "முதல் நாளே மூஞ்சி தெரியலைன்னு சொன்னாரா? எங்ககிட்ட யாரும் இதைச் சொல்லலையே" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசியாக அந்தச் சாட்சிக்கு. ஐயா, இது உங்கள் கண்ணில் படுமா என்று தெரியாது. சம்பவ இரவு, ஊரே பதறிக்கொண்டிருந்தபோது, போலீஸ் கேட்ட கேள்விக்கு நீங்கள் முகம் தெரியவில்லை என்று சொன்னீர்கள். தெரிந்ததாகச் சொல்லியிருந்தால் உங்களை எல்லோரும் மெச்சியிருப்பார்கள். இன்று எங்கள் கையில் இருப்பதிலேயே பலமான ஆதாரம் அந்த வரிதான், அதைத் தந்தது நீங்கள். அதற்கு நன்றி.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். மனு ஏற்கப்பட்ட செய்தி வந்ததிலிருந்து அவரைத் தேடிப்போய்க் கேள்வி கேட்கப் போவதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அவருக்குப் போன் செய்யவும் வேண்டாம், படத்தைப் பரப்பவும் வேண்டாம். வயதானவர். அவரைக் கேட்க வேண்டியவர்கள் கோர்ட்டில் கேட்பார்கள். நாம் போய் நின்றால், அவரை மிரட்டினோம் என்ற பேச்சுதான் அண்ணன் தலையில் விழும்.

மனு நகல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: சாட்சியின் பெயரும் முகவரியும் மறைத்த பிரதியைத் தம்பி தயார் செய்துகொண்டிருக்கிறான், முடிந்ததும் அனுப்புகிறேன். வாய்தா தேதி வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
தங்கை